பொத்தான் எண்ணுகிறவனின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து நிதானமாக வந்து படிக்கலாம். படிக்காமல் லைக் மட்டும் போட வேண்டாம்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு புகைப்படம் பகிர்ந்திருந்தார். ஸ்டூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். உச்சியில் கூர்முனை வைத்த தலைக்கவசத்தை மேசையில் வைத்து, பக்கத்தில் விறைப்பாக நிற்கிறான். இடது மார்பில் ஒரு சிலுவைப் பதக்கம். மேலே என் மாணவர் எழுதியிருந்த வரி: “ஹிட்லரின் நாஜிப் படை வீரன். முகத்தைப் பாருங்கள், எவ்வளவு கொடூரம்!” கீழே நூற்றுக்கணக்கில் கோப முகங்கள். பகிர்வுகள் வேறு.

நான் போய்ப் பணிவாகத்தான் எழுதினேன். “தம்பி, இந்தப் பையன் முதல் உலகப்போர்க் காலத்தவன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலுவையின் கீழ்க்கையில் 1914 என்று இருக்கிறது. அப்போது நாஜிக் கட்சியே கிடையாது.”

பதில் வந்தது. “சார், நீங்க இன்னும் பொத்தான் எண்ணிக்கிட்டே இருக்கீங்க. கொலைகாரன் எந்தச் சட்டை போட்டிருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதான்.” அதற்குக் கீழே இன்னொருவர், எனக்கு அறிமுகமே இல்லாதவர், “பெரியவர் நாஜிக்கு வக்காலத்து வாங்குகிறார்” என்று எழுதினார். அதற்கும் கைதட்டு.

கோபம் வந்தது. ஒரு வாரம் ஆறவிட்டேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ‘பொத்தான் எண்ணுகிறவர்’ என்பதை வசையாகச் சொன்னார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்கிறேன். 33 வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஓய்வூதியத்தைவிட மதிப்பான பட்டம் அது. பொத்தானை எண்ணாதவன் வரலாறு பேசினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

அந்தப் பையனிடமே வருவோம். கூர்முனை வைத்த அந்தத் தோல் கவசத்தை ஜெர்மானியர்கள் பிக்கல்ஹௌபே என்பார்கள். 1842-ல் பிரஷ்யப் படையில் வந்தது. 1916-ல் எஃகுக் கவசம் வந்ததும் போர்முனையிலிருந்து விடைபெறத் தொடங்கியது. இரும்புச் சிலுவை அதைவிடப் பழையது. 1813-ல், நெப்போலியனை எதிர்த்த போரின்போது பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் ஏற்படுத்தியது. பிறகு 1870, 1914, 1939 என்று ஒவ்வொரு பெரும்போருக்கும் புதுப்பித்தார்கள். சிலுவையின் கீழ்க்கையில் அந்த ஆண்டு இருக்கும். 1914 சிலுவையின் நடுவில் ‘டபிள்யூ’ என்ற எழுத்தும் மேற்கையில் கிரீடமும் உண்டு. 1939 சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகா. இவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குள் அடங்கும் வித்தியாசம்.

அந்த நகம் அளவுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் சீருடை அணிந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் போர்க்களத்தில் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் பதக்கம் பெற்றார்கள். ஹிட்லருக்கு 1918-ல் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைத்ததே, அதற்குப் பரிந்துரை செய்த அதிகாரி ஹூகோ குட்மான் ஒரு யூதர். பிற்காலத்தில் அவரே நாட்டைவிட்டுத் தப்பி ஓட வேண்டியிருந்தது.

1942 ஜனவரி 20-ம் தேதி பெர்லினுக்கு அருகே வான்ஸே ஏரிக்கரை மாளிகையில் நாஜி அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்களை அழிப்பது பற்றிப் பேசினார்கள். அந்தக் கூட்டக் குறிப்பு இன்றும் இருக்கிறது. முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்ற யூதர்களை என்ன செய்வது என்றுகூட அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களோடும் போரில் கடுமையாக ஊனமுற்றவர்களோடும் சேர்த்து, தெரேசியன்ஸ்டாட் என்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. ‘முதியோர் குடியிருப்பு’ என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அங்கே பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் போன்ற இடங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

இப்போது அந்த ஸ்டூடியோப் படத்தைத் திரும்பப் பாருங்கள். அவன் இடது மார்பில் ஊசி குத்தி அணிந்திருப்பது முதல் வகுப்புச் சிலுவை. அவன் யூதனா, கிறிஸ்தவனா என்று சீருடை சொல்லாது. ஆனால் 1914 சிலுவை அணிந்த பையன்களில் யூதப் பையன்களும் இருந்தார்கள் என்பது உண்மை. அப்படிப்பட்ட ஒருவனுடைய படத்துக்கு மேலே “ஹிட்லரின் நாஜி, எவ்வளவு கொடூரம்” என்று எழுதிப் பகிர்ந்தால், கொல்லப்பட்டவனையே கொலைகாரன் என்று ஊருக்குச் சொல்கிறீர்கள். “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொன்ன தம்பி, எது எதோடு ஒன்று?

முகத்தில் கொடூரம் தெரிகிறதாம். அன்றைய ஸ்டூடியோவில் அசையாமல் நின்றால் எவன் முகமும் அப்படித்தான் இருக்கும். என் தாத்தா படமும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நியாயம் இல்லை.

பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடத்தும்போது நான் ஒரு சார்ட் வைத்திருந்தேன். பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். அதில் ஒரு படம், கறுப்புச் சட்டை, காலரில் மண்டையோடு. “இவன்தான் எஸ்.எஸ். வீரன், ஹிட்லரின் கொலைப்படை” என்று ஸ்கேல் வைத்துக் காட்டுவேன். ஏறக்குறைய பத்து வருடம் காட்டினேன். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், பக்கத்துப் படத்துல எஸ்.எஸ். ஆளுக்குத் தொப்பியில மண்டையோடு இருக்கு. இவனுக்கு ஏன் சார் காலர்ல இருக்கு?” எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன், உட்காரு” என்றேன். வாத்தியார்களின் புராதன ஆயுதம்.

தேடியபோதுதான் தெரிந்தது. என் சார்ட்டில் இருந்தவன் எஸ்.எஸ். அல்ல, ஜெர்மன் ராணுவத்தின் டாங்கிப் படைக்காரன். டாங்கிக்குள் எண்ணெயும் கிரீஸும் அப்பும், கறை தெரியக் கூடாது என்று அவர்களுக்குக் கறுப்புச் சீருடை கொடுத்தார்கள். காலரில் இரண்டு பக்கமும் மண்டையோடு. அந்த மண்டையோடு ஹிட்லர் கண்டுபிடித்ததும் அல்ல. 18-ம் நூற்றாண்டிலேயே பிரஷ்யக் குதிரைப்படையின் ஹுஸார்கள் அதைத் தொப்பியில் அணிந்தார்கள். முதல் உலகப்போர்த் தளபதி மாக்கன்ஸன் அந்த உரோமத் தொப்பியும் மண்டையோடுமாக நிற்கும் படத்தையும் நம் ஆட்கள் ‘எஸ்.எஸ். ஜெனரல்’ என்று போட்டுத்தான் பகிர்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

அடுத்த நாள் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டேன். சார்ட்டைக் கிழிக்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை மட்டும் மாற்றி எழுதினேன். பொத்தான் எண்ணுவது அன்றைக்கு ஆரம்பித்தது.

எண்ணுவது எப்படி என்று கேட்பவர்களுக்காக, வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். தலை, கழுத்து, மார்பு, கை. இந்த வரிசையில் பாருங்கள்.

தலை: தொப்பியில் வட்டமான இரண்டு சின்னங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்து, கழுகு இல்லாவிட்டால், பெரும்பாலும் அது மன்னராட்சிக் கால ஜெர்மனி. ஒன்று பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு. மற்றது பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி போன்ற அவரவர் மாநிலத்தின் நிறம். ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு இருந்தால் நாஜி ஆட்சிக் காலம். கழுகும் அதன்கீழ் மண்டையோடும் தொப்பியிலேயே இருந்தால் எஸ்.எஸ்.

கழுத்து: காலரில் பக்கவாட்டில் இரண்டு இணைகோடுகள் போன்ற பட்டை இருந்தால் பெரும்பாலும் தரைப்படை. வலது காலரில் இரண்டு மின்னல் கீற்றுகள் இருந்தால் எஸ்.எஸ். சிறகு விரித்த சின்னப் பறவைகள் இருந்தால் விமானப்படை. கழுத்தில் சங்கிலி கட்டிப் பிறைபோன்ற உலோகத் தகடு தொங்கினால் ராணுவப் போலீஸ். அவர்களைச் சொந்த ஜெர்மன் சிப்பாய்களே ‘சங்கிலி நாய்கள்’ என்று கரித்துக்கொட்டினார்கள்.

மார்பு: தரைப்படையின் கழுகு வலது மார்பில், சட்டைப்பைக்கு மேலே இருக்கும். முதல் வகுப்பு இரும்புச் சிலுவை இடது மார்பில். இரண்டாம் வகுப்பானால் அன்றாடச் சீருடையில் சிலுவையே தெரியாது. இரண்டாவது பொத்தான் துளையில் ரிப்பன் மட்டும். ஒரு படத்தில் எல்லாமே இடம் மாறித் தெரிந்தால், அச்சிடும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். அதற்குமேல் ஆராய்ச்சி எழுதுவதற்கு முன் படத்தைத் திருப்புங்கள்.

கை: எஸ்.எஸ்.காரர்களின் கழுகு மார்பில் இல்லை, இடது மேற்கையில். அதே இடத்தில் ஓக் இலை வளையத்துக்குள் கழுகு இருந்தால் அது போலீஸ். இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பதக்கங்கள் தேதியையும் சொல்லும். 1941-42 குளிர்காலத்தில் ரஷ்ய முனையில் இருந்தவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். உறைபனியில் விரல்களை இழந்த சிப்பாய்கள் அதற்கு ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். அது ஏற்படுத்தப்பட்டது 1942 மே மாதத்தில். ஆகவே அந்த ரிப்பனோடு இருக்கும் எந்தப் படமும் அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. போருக்குப் பிறகு, 1957-ல், மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: பழைய பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம். அதனால் 1939 என்ற ஆண்டும் நடுவில் ஓக் இலைகளும் உள்ள சிலுவை தெரிந்தால், அது போர்க்காலப் படமே அல்ல.

முடிந்தால் படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயர், ஊர், பென்சிலில் எழுதிய தேதி. ஒரு வரி எழுத்து பத்துப் பதக்கத்துக்குச் சமம்.

“இதெல்லாம் சரி சார், ஆனா இதனால என்ன லாபம்?” என்பீர்கள். வருகிறேன்.

ஹிட்லர் காலத்துப் படம் எதைப் போட்டாலும் ‘எஸ்.எஸ். கொலையாளிகள்’ என்று எழுதுவது இப்போது பழக்கமாகிவிட்டது. கேட்பதற்குக் கடுமையான கண்டனம்போல் இருக்கிறது. உண்மையில் அது கண்டனமே இல்லை, மன்னிப்புச் சீட்டு. எப்படி என்றால், கொலைகளை எல்லாம் செய்தது மின்னல் கீற்றும் மண்டையோடும் வைத்த ஒரு தனிக் கூட்டம் என்று ஆகிவிடுகிறது. மற்ற எல்லோரும் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஜெர்மனியில் நடந்ததும் அதுதான். ‘தப்பெல்லாம் எஸ்.எஸ். செய்தது, எங்கள் ராணுவத்தின் கை சுத்தம்’ என்றே தளபதிகள் நினைவுக்குறிப்பு எழுதினார்கள்.

சுத்தமா? ஜெர்மன் ராணுவத்திடம் சிறைப்பட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கு மேல் செத்தார்கள். பட்டினி, குளிர், தொற்றுநோய், துப்பாக்கிக்குண்டு. அந்த முகாம்களில் பெரும்பாலானவை ராணுவத்தின் பொறுப்பில் இருந்தவை. அந்தப் படங்களில் காவல் நிற்கிறவனின் கழுகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது மார்பில் இருந்தால் அவன் தரைப்படைக்காரன். எங்கோ ஒரு கிராமத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்தவனாகவோ, கடை வைத்திருந்தவனாகவோ இருப்பான்.

ஓக் இலை வளையத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1942 ஜூலை 13-ம் தேதி போலந்தின் யோஸெஃபோவ் என்ற ஊரில் சுமார் 1,500 யூதர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றவர்கள் எஸ்.எஸ். அல்ல, ராணுவமும் அல்ல. ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101. நடுவயது ஆட்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். அன்று காலையில் அவர்களுடைய மேஜரே, விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னார். ஏறத்தாழ 500 பேரில் உடனே விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘சாதாரண மனிதர்கள்’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். அந்த பட்டாலியனின் படத்துக்குக் கீழே ‘எஸ்.எஸ்.’ என்று நீங்கள் எழுதினால், அந்தப் புத்தகம் சொன்ன பயங்கரமான உண்மையை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறீர்கள். அசுரர்கள் செய்தார்கள் என்று நம்புவது நமக்கு வசதி. பக்கத்து வீட்டுக்காரர் செய்தார் என்று நம்புவதுதான் கஷ்டம். கஷ்டமானதைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் வரலாற்று வாத்தியார்.

இன்னொரு விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள், முழுப் பதிவையும் இதற்காகத்தான் எழுதினேன்.

1995-ல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஒரு புகைப்படக் கண்காட்சி தொடங்கியது. கிழக்கு முனையில் ஜெர்மன் ராணுவம் செய்த குற்றங்கள் பற்றியது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஊர் ஊராகப் போனது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பலர் தங்கள் அப்பாவையும் தாத்தாவையும் பற்றி முதல்முறையாக வீட்டில் கேள்வி கேட்டார்கள். நவநாஜிகள் மியூனிக்கில் ஊர்வலம் போனார்கள். 1999 மார்ச்சில் ஸார்புரூக்கனில் கண்காட்சி நடந்த இடத்தில் குண்டு வைத்தார்கள். அதற்கெல்லாம் கண்காட்சி அசையவில்லை.

எதற்கு அசைந்தது தெரியுமா? படக்குறிப்புக்கு. போக்டான் முஸியால் என்ற போலந்து வரலாற்றாசிரியரும், கிறிஸ்டியான் உங்வாரி என்ற ஹங்கேரிய வரலாற்றாசிரியரும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். சில படங்களில் கிடந்த சடலங்கள் ஜெர்மானியர் கொன்றவர்களுடையவை அல்ல. பின்வாங்கிப் போகும்போது சோவியத் ரகசியப் போலீஸ் சிறைகளில் கொன்றுவிட்டுப் போனவர்களுடையவை. சில படங்களில் நின்ற வீரர்கள் ஜெர்மானியரே அல்ல, வேறு நாட்டுச் சீருடைக்காரர்கள். 1999 நவம்பரில் கண்காட்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. குண்டு செய்ய முடியாததைப் படத்துக்குக் கீழே இருந்த தப்பான வரி செய்தது.

பிறகு வரலாற்றாசிரியர்களின் குழு ஒன்று ஒரு வருடம் உட்கார்ந்து ஆராய்ந்தது. முடிவு: 1,433 படங்களில் அந்தக் கண்காட்சியில் இருக்கக் கூடாதவை 20-க்கும் குறைவு. வேண்டுமென்று செய்த மோசடி இல்லை. கண்காட்சியின் அடிப்படை வாதம் சரியே. 2001-ல் புதிதாக உருவாக்கிய கண்காட்சி பெர்லினில் திறந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மறுப்பாளர்கள் போட்ட ஆட்டம்! ‘பார்த்தீர்களா, எல்லாமே பொய்’ என்று. 20-க்கும் குறைவான தப்பு, 1,400-க்கும் மேற்பட்ட உண்மையைக் கூண்டில் ஏற்றியது.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, நாஜிக்கு வக்காலத்து வாங்குவது பொத்தான் எண்ணுகிறவன் அல்ல. எண்ணாமல் எழுதுகிறவன்தான் அவர்களுக்கு ஆயுதம் செய்து கொடுக்கிறான். பொய் சாட்சி சொல்லி உண்மையான வழக்கைத் தோற்கடிப்பதை நம் ஊர்க் கோர்ட்டிலேயே பார்த்திருப்பீர்களே.

சரியாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம். ஒரு குழியின் விளிம்பில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கண்ணாடி அணிந்த ஒருவன் துப்பாக்கியைத் தலைக்கு நேரே நீட்டுகிறான். அதற்கும் பின்னால் சீருடைக்காரர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 1961 முதல் உலகம் முழுவதும் ‘வின்னிட்ஸாவின் கடைசி யூதர்’ என்ற பெயரில் சுற்றிய படம். யூர்கன் மத்தாயஸ் என்ற வரலாற்றாசிரியர் பல வருடம் அதன் பின்னால் அலைந்தார். அங்கே இருந்த ஓர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரியின் நாட்குறிப்பு கிடைத்தது. ஊர் வின்னிட்ஸா அல்ல, பெர்திச்சீவ். நாள் 1941 ஜூலை 28. கடைசியில் 2025-ல் சுட்டவனையும் அடையாளம் கண்டு எழுதினார். பெயர் யாக்கோபுஸ் ஒன்னன்.

அவன் போருக்கு முன் என்ன வேலை பார்த்தான் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழில்காரன். சாக்பீஸ் பிடித்த கை. ‘கடைசி யூதர்’ என்ற பொதுப் பெயரோடும் ‘நாஜி’ என்ற பொதுப் பெயரோடும் படத்தை விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. என்னைப் போன்ற வாத்தியார்கள் “எவனோ அசுரன்” என்று நிம்மதியாக இருந்திருப்போம். மண்டியிட்டிருக்கும் அந்த மனிதரின் பெயர் மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அவரையும் ஒருநாள் யாராவது பொத்தான் எண்ணுகிறவர்தான் கண்டுபிடிப்பார். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்கிறவர் கண்டுபிடிக்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. பொத்தானை எண்ணுவதோடு நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். “ஆஹா, என்ன மிடுக்கு, என்ன தையல்! ஹூகோ பாஸ் டிசைன் சார்” என்று எஸ்.எஸ். படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள். முதலில், அந்தக் கம்பெனி சீருடைகளை வடிவமைக்கவில்லை. தைத்துக் கொடுத்த தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. இரண்டாவது, போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் சுமார் 140 கட்டாயத் தொழிலாளர்களும் 40 பிரெஞ்சுக் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். கட்டாயத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீங்கள் ரசிக்கும் மிடுக்கில் அவர்கள் கைத்தழும்பு இருக்கிறது. சின்னத்தை அடையாளம் காண்பது அதன் பின்னால் இருப்பவர்களைக் காண்பதற்காக. அதைக் கும்பிடுவதற்காக அல்ல.

நம் நாட்டுச் சங்கதியும் இதில் உண்டு. தலைப்பாகை கட்டிய வீரர்கள் ஜெர்மன் சீருடையில் நிற்கும் படங்களை ‘நேதாஜியின் ஐ.என்.ஏ.’ என்று போட்டு ஆகஸ்ட் 15 தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மார்பில் பாருங்கள், ஸ்வஸ்திகா கழுகு. கையில் பாருங்கள், மூவண்ணக் கேடயத்தின் நடுவில் பாயும் புலி, மேலே ‘சுதந்திர இந்தியா’ என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. அது ஜெர்மனியில் இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு அமைத்த படை. நெதர்லாந்துக்கும் பிறகு பிரான்ஸின் அட்லாண்டிக் கரைக்கும் அனுப்பப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த ஐ.என்.ஏ. வேறு, அது பர்மா எல்லையில் போரிட்டது. இரண்டுக்கும் நேதாஜி தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒரே படை அல்ல. தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்த கையோடு துப்பாக்கி ஏந்திய தமிழனின் இடத்தில் வேறொருவர் படத்தை வைத்தால், நாம் மறந்துபோனது யாரை?

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. பழைய படத்துக்குச் செயற்கை நுண்ணறிவால் வர்ணம் பூசுவது, தெளிவாக்குவது. அந்த இயந்திரத்துக்குக் காலர் பட்டை தெரியாது. தெரியாத இடத்தில் தானே ஏதாவது வரைந்துவிடும். 1914 என்பது கோணல் கோடாகிவிடும். மங்கலாக இருந்தாலும் பழைய படமே சாட்சி. தெளிவாக்கியது அலங்காரம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஃபோட்டோ வருவதற்கு முன்பே சொல்லி வைத்தார்கள்.

கடைசியாக என் மாணவருக்கு. தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அநியாயத்தைக் கண்டால் கொதிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னவன் நான்தான். கொதிப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அது என் பாக்கி. அதை இன்று தீர்த்துவிட்டேன். உன் பதிவை நீக்க வேண்டாம். நான் சார்ட்டில் செய்ததைப்போல மேலே உள்ள ஒரு வரியை மட்டும் மாற்று: ‘முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் வீரன், 1914 இரும்புச் சிலுவையுடன். பெயர் தெரியவில்லை.’ அது போதும். அந்தப் பையன் செய்யாத குற்றத்திலிருந்து விடுதலையாகிவிடுவான்.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம், அனுமதி கேட்க வேண்டாம். திட்ட விரும்புகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பட்டாளத்துப் படம் ஏதாவது இருந்தால், எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் சரி, இன்றைக்கே எடுத்து, பின்புறத்தில் பென்சிலில் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். இப்போது நீங்கள் எழுதாவிட்டால், ஐம்பது வருடம் கழித்து எவனாவது அதற்குக் கீழே தன் இஷ்டத்துக்கு எழுதுவான்.